நியூ ஹாம்ப்ஷயரில் தவறிய கணக்கு

2008 ஜனவரி 8 அன்று அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், ஜனநாயகக் கட்சி தன் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பதற்கான பிரைமரி வாக்குப்பதிவு நடந்தது. பராக் ஒபாமாதான் வெல்வார் என்பதில் கருத்துக்கணிப்பு நிறுவனங்களுக்கு ஏறக்குறைய ஐயமே இருக்கவில்லை. ஐந்து நாள்களுக்கு முன் இதே வேட்பாளர் தேர்வு நடந்த அயோவா மாநிலத்தில் அவர் 37 சதவீதத்துக்கு மேல் பெற்று முதலிடம் பிடித்திருந்தார். ஹிலாரி கிளிண்டன் அங்கே ஜான் எட்வர்ட்ஸுக்கும் பின்னால் மூன்றாம் இடத்துக்குப் போயிருந்தார். நியூ ஹாம்ப்ஷயரில் கடைசியாக வெளியான கணிப்புகளின் சராசரி ஒபாமாவுக்குச் சுமார் 8 புள்ளி முன்னிலை காட்டியது. அன்றிரவு வாக்குகளை எண்ணி முடித்தபோது ஹிலாரிக்கு 39 சதவீதமும் ஒபாமாவுக்கு 36.5 சதவீதமும் கிடைத்திருந்தன.

கணிப்புகள் தவறுவது புதிதல்ல என்று கடந்து போயிருக்கலாம். ஆனால் அதே நாளில் அதே மாநிலத்தில் குடியரசுக் கட்சியின் பிரைமரியும் நடந்தது. அதில் ஜான் மெக்கெயின் மிட் ராம்னியை முந்துவார் என்று அதே நிறுவனங்கள் சொன்னது பலித்தது. அதே தொலைபேசி, அதே கேள்வித்தாள், அதே நாள்கள். ஒரு கட்சியில் சரியாக வேலை செய்த கருவி இன்னொரு கட்சியில் பத்துப் புள்ளிக்கு மேல் தவறியது எப்படி? அமெரிக்கப் பொதுக்கருத்து ஆய்வுச் சங்கம் இதற்கென ஒரு குழுவை அமைத்து 2009இல் அறிக்கை வெளியிட்டது. பிரைமரி காலத்துக் கருத்துக்கணிப்பு எப்படி இயங்குகிறது, எந்த இடத்தில் வழுக்குகிறது என்று அறிய விரும்புவோருக்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது.

முதலில் எளிய கணக்கைப் பார்த்துவிடலாம். 500 பேரை எழுந்தமானமாக, அதாவது குலுக்கல் முறையில், தேர்ந்து கேட்டால், ஒரு வேட்பாளரின் ஆதரவு சதவீதத்தில் ஏறத்தாழ 4.4 புள்ளி கூடவோ குறையவோ இருக்கலாம். இதைப் பிழை வரம்பு என்கிறோம். 1,000 பேரைக் கேட்டால் அது 3.1 ஆகக் குறையும். பிழையைப் பாதியாக்க வேண்டுமானால் நான்கு மடங்கு பேரைக் கேட்க வேண்டும். செய்திகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் ஒரு நுணுக்கமும் உண்டு. 4.4 என்பது ஒருவருடைய சதவீதத்துக்கான வரம்பு. இருவருக்கும் இடையிலான முன்னிலைக்கான வரம்பு அதைவிட மிகப் பெரியது. முதலிருவரும் முப்பதுகளின் இறுதியில் நிற்கும் பிரைமரி ஒன்றில், 500 பேர் மாதிரியில் முன்னிலையின் பிழை வரம்பு சுமார் 7.5 புள்ளி. ஆகவே ஒரே ஒரு கணிப்பு காட்டும் 6 புள்ளி முன்னிலையை வெற்றி என்று தலைப்பிடுவதற்கு நியாயமில்லை.

ஆனாலும் நியூ ஹாம்ப்ஷயர் தவற்றை இந்தக் கணக்கைக் கொண்டு விளக்க முடியாது. எழுந்தமானத் தேர்வில் வரும் பிழை சில கணிப்புகளை ஒபாமா பக்கமும் சிலவற்றை ஹிலாரி பக்கமும் தள்ளியிருக்க வேண்டும். பலவற்றைச் சேர்த்துச் சராசரி எடுக்கும்போது அது பெரும்பாலும் கரைந்துபோகும். அயோவாவுக்குப் பிந்தைய கடைசி நாள்களிலோ எல்லாத் தராசுகளும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. அப்படியானால் கோளாறு மாதிரியின் அளவில் இல்லை, மாதிரிக்குள் யார் வந்தார்கள் என்பதில் இருந்திருக்க வேண்டும், அல்லது வந்தவர்களின் மனம் பிறகு மாறியிருக்க வேண்டும்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது கருத்துக்கணிப்பின் தத்துவத்தையே சொல்லும் பழமொழிதான். பிரைமரியில் உள்ள சங்கடம், எந்த அரிசி பானைக்குள் விழப்போகிறது என்பதே உலை கொதிக்கும்வரை தெரியாதது. அதிபர் பொதுத்தேர்தலில் வாக்களிப்போரைவிடப் பிரைமரியில் வாக்களிப்போர் மிகக் குறைவு. 2016இல் இரு கட்சிகளின் பிரைமரிகளையும் சேர்த்தாலும் தகுதியுள்ளோரில் ஏறத்தாழ 28 சதவீதத்தினரே பங்கேற்றனர். யார் அந்த 28 பேரில் ஒருவர், யார் மிச்சமுள்ள 72 பேரில் ஒருவர் என்பதைக் கணிப்பாளர் முன்கூட்டியே ஊகித்தாக வேண்டும். கேட்டால் எல்லோரும் வாக்களிப்பேன் என்றுதான் சொல்வார்கள். அதனால் சென்ற முறை வாக்களித்தீர்களா, வாக்குச்சாவடி எங்கே என்று தெரியுமா, இந்தத் தேர்தலை எவ்வளவு கவனிக்கிறீர்கள் என்றெல்லாம் வினவி, விடைகளைக் கொண்டு வாக்களிக்கக்கூடியவர் யார் என்று சலிக்கிறார்கள். சல்லடையின் கண் அளவு நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். ஒரே தரவை இரண்டு சல்லடையில் சலித்தால் இரண்டு வெற்றியாளர்கள் கிடைக்கக்கூடும்.

நியூ ஹாம்ப்ஷயரில் இது இன்னும் சிக்கலானது. எந்தக் கட்சியிலும் பதிவு செய்யாத வாக்காளர்கள் அங்கே ஏராளம். வாக்குப்பதிவன்று காலையில் எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டைக் கேட்டு வாங்குவது என்று அவர்கள் முடிவு செய்துகொள்ளலாம். 2008இல் ஒபாமாவும் மெக்கெயினும் வெவ்வேறு கட்சியினராக இருந்தும் அதே நடுநிலை வாக்காளர்களுக்காகத்தான் போட்டியிட்டார்கள். ஒபாமா எப்படியும் வென்றுவிடுவார் என்று நம்பிய ஒருவர், தன் வாக்கு எங்கே தேவைப்படுகிறதோ அங்கே போடலாம் என்று மெக்கெயின் பக்கம் போயிருக்கலாம். எத்தனை பேர் அப்படிப் போனார்கள் என்று யாரும் அளந்துவிட முடியாது. ஆனால் கணிப்பின் முடிவே கணிக்கப்படும் பொருளைக் கலைக்கக்கூடும் என்பதற்கு இது தெளிவான வழி.

சல்லடை சரியாக அமைந்தால் எத்தகைய பலன் கிடைக்கும் என்பதற்கு ஐந்து நாள் முந்தைய அயோவாவே சான்று. ஆன் செல்ஸர் என்ற கணிப்பாளர் டெ மோய்ன் ரெஜிஸ்டர் நாளிதழுக்காக நடத்திய கடைசிக் கணிப்பில் ஒபாமா 32, ஹிலாரி 25, எட்வர்ட்ஸ் 24 என்று வந்தது. காக்கஸ் எனப்படும் அயோவாக் கட்சிக் கூட்டங்களுக்கு வருவோரில் 60 சதவீதத்தினர் முதல்முறையாக வருபவர்களாக இருப்பார்கள் என்று அவருடைய தரவு சொன்னது. வழக்கமாக வருபவர்களையே கணக்கில் கொள்ளும் பழக்கமுடைய மற்றவர்கள், குறிப்பாகப் போட்டி வேட்பாளர்களின் முகாம்கள், இதை ஏற்க மறுத்தன. அன்றிரவு வாசலில் எடுத்த கணிப்பில் புதியவர்கள் 57 சதவீதம் என்று தெரியவந்தது. கடந்த காலத்தை வைத்துச் சலிக்காமல், பேசியவர்கள் சொன்னதை நம்பியதே செல்ஸரின் முறை. அதே செல்ஸர் 2024 பொதுத்தேர்தலில் அயோவாவில் கமலா ஹாரிஸ் 3 புள்ளி முன்னிலை என்று சொல்ல, டொனால்ட் டிரம்ப் 13 புள்ளியில் வென்றார் என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்வது நல்லது.

கடந்த காலமே கைகொடுக்காத மாநிலங்களும் உண்டு. 2016 மார்ச் 8 அன்று மிஷிகனில் ஹிலாரி சுமார் 20 புள்ளி முன்னிலையில் இருப்பதாகக் கணிப்புகள் கூறின. பெர்னி சாண்டர்ஸ் ஒன்றரைப் புள்ளியில் வென்றார். 2008இல் பிரைமரி தேதி தொடர்பான தகராறில் அம்மாநிலத்தின் ஜனநாயகக் கட்சி வாக்குச்சீட்டில் ஒபாமாவின் பெயரே இடம்பெறவில்லை. உண்மையான போட்டி நடந்த அண்மைத் தேர்தல் எதுவும் இல்லாததால், யார் வாக்களிக்க வருவார்கள் என்று ஒப்பிட்டுப் பார்க்கப் பிடிமானமே இல்லாமல் போயிற்று.

அடுத்தது, தொலைபேசியை யார் எடுக்கிறார்கள் என்பது. பியூ ஆய்வு மையத்தின் தொலைபேசிக் கணிப்புகளில் 1997இல் 36 சதவீதத்தினர் பதிலளித்தனர். 2018இல் அது 6 சதவீதம். நியூ ஹாம்ப்ஷயர் ஆய்வில் குழு கண்ட முக்கியமான தடயங்களுள் ஒன்று இங்கேதான் இருந்தது. முதல் அழைப்பிலேயே எடுத்துப் பேசியவர்களிடம் ஒபாமாவுக்கு ஆதரவு கூடுதல். பலமுறை அழைத்த பிறகே கிடைத்தவர்களிடம் ஹிலாரிக்கு ஆதரவு கூடுதல். இரண்டு வேலை பார்ப்பவர், இரவுப் பணி முடித்து உறங்குபவர், தொழிற்சங்கத் தொழிலாளி ஆகியோரை நான்காவது அழைப்பில்தான் பிடிக்க முடியும். அயோவாவுக்கும் நியூ ஹாம்ப்ஷயருக்கும் இடையே ஐந்தே நாள். அதிலும் வாக்குப்பதிவுக்கு ஓரிரு நாள் முன்பே பல நிறுவனங்கள் அழைப்பதை நிறுத்திக்கொண்டன. நான்காவது அழைப்புக்கு நேரமே இல்லை.

மாதிரியில் குறைவாக வந்த பிரிவினருக்கு எடை கூட்டுவதன் மூலம் இதைச் சரிசெய்யலாம். வாக்காளர்களில் 80 பேர் இருக்க வேண்டிய ஒரு பிரிவிலிருந்து 40 பேரே சிக்கினால், ஒவ்வொருவரையும் இரண்டு பேராக எண்ணுவார்கள். ஆனால் எந்தப் பண்பை வைத்து எடை கூட்டுவது என்பதில்தான் வித்தை. வயது, பால், வட்டாரம் ஆகியவற்றுக்கு எடை கூட்டிவிட்டுக் கல்வித் தகுதியை விட்டுவிட்டால், பட்டம் பெற்றவர்கள் அளவுக்கு மீறி இடம்பிடிப்பார்கள். அவர்கள்தாம் கணிப்பாளர்களிடம் பொறுமையாகப் பேசுபவர்கள். கல்வி குறைந்தோரும் தொழிற்சங்கத்தினரும் சரியாக இடம்பெறாதது ஹிலாரியின் ஆதரவைக் குறைத்துக் காட்டியிருக்கலாம் என்று அறிக்கை குறிப்பிட்டது. 2016 பொதுத்தேர்தலில் மாநில அளவிலான கணிப்புகள் பலவும் அதே குழியில் விழுந்தன என்பதைப் பார்க்கும்போது, அந்த அறிக்கையை எத்தனை பேர் படித்தார்கள் என்ற ஐயம் எழுகிறது.

இவற்றுக்கெல்லாம் அடியில் பிரைமரிக்கே உரிய ஓர் இயல்பு இருக்கிறது. பொதுத்தேர்தலில் வாக்காளரின் மனத்தை நங்கூரம்போல் பிடித்து நிறுத்துவது கட்சி. பிரைமரியில் நிற்பவர்கள் அனைவரும் ஒரே கட்சி. கொள்கை வேறுபாடும் சிறியது. இரண்டு மூன்று பேரை ஒரே நேரத்தில் பிடித்திருக்கும் வாக்காளரிடம், இன்று வாக்குப்பதிவு நடந்தால் யாருக்குப் போடுவீர்கள் என்று கேட்டால், அவர் சொல்லும் பெயர் அந்த மாலைக்குரிய விடை. வாக்குப்பதிவன்று வாசலில் நடத்திய கணிப்புகளின்படி, அயோவாவில் பெண்கள் 35க்கு 30 என்று ஒபாமா பக்கம் இருந்தனர். நியூ ஹாம்ப்ஷயரில் 46க்கு 34 என்று ஹிலாரி பக்கம் வந்தனர். வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள் போர்ட்ஸ்மவுத் நகரின் காப்பிக்கடை ஒன்றில் ஒரு வாக்காளர் கேட்ட கேள்விக்கு விடை சொல்லும்போது ஹிலாரியின் குரல் தழுதழுத்தது. அந்தக் காட்சி நாள் முழுதும் தொலைக்காட்சியில் ஓடியது. அதுதான் முடிவை மாற்றியது என்று பலர் எழுதினார்கள். அழைப்புகளை முந்தைய நாளே நிறுத்திவிட்டவர்களால் அதை உறுதிசெய்யவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

கறுப்பின வேட்பாளரை ஆதரிப்பதாகக் கணிப்பாளரிடம் சொல்லிவிட்டு வெள்ளையர்கள் வேறுவிதமாக வாக்களித்தார்கள் என்ற விளக்கம் உடனே கிளம்பியது. 1982இல் கலிபோர்னியா ஆளுநர் தேர்தலில் முன்னிலையில் இருந்ததாகச் சொல்லப்பட்ட டாம் பிராட்லி தோற்றதிலிருந்து இந்த விளக்கத்துக்கு அவர் பெயரே வழங்கிவருகிறது. குழு தேடிப் பார்த்தும் இதற்கு வலுவான சான்று அகப்படவில்லை. சுவையான விளக்கத்தைவிடச் சுவையற்ற இன்னொன்றுக்கு ஆதாரம் கூடுதல். வாக்குச்சீட்டில் பெயர்களைக் குலுக்கலில் விழுந்த எழுத்திலிருந்து அகரவரிசையில் அச்சிட்டிருந்தார்கள். இருபது பெயருக்கும் மேல் இருந்த அந்தப் பட்டியலில் ஹிலாரி மேல்பகுதியிலும் ஒபாமா கீழ்ப்பகுதியிலும் இருந்தனர். முடிவெடுக்காதவரின் கண் மேலிருந்துதான் இறங்கும். தொலைபேசியில் கேட்கும் பெயர்ப் பட்டியலுக்கு இந்த வரிசை கிடையாது.

பட்டியல் தொடர்பான இன்னொரு நிகழ்ச்சி 2020 பிப்ரவரி 1 அன்று நடந்தது. அயோவா காக்கஸுக்கு இரண்டு நாள் முன்பு வெளியாக வேண்டிய செல்ஸரின் கணிப்பு கடைசி நேரத்தில் நிறுத்தி வைக்கப்பட்டது. தன்னிடம் வாசித்த பெயர்களில் வேட்பாளர் பீட் புட்டிஜெஜ் பெயர் இல்லை என்று பதிலளித்த ஒருவர் புகார் செய்திருந்தார். அழைத்துப் பேசியவர் கணினித் திரையில் எழுத்தின் அளவைப் பெரிதாக்கியதால் பட்டியலின் ஒரு பெயர் திரைக்கு வெளியே போயிருக்கலாம் என்று தெரியவந்தது.

ஒரு கணிப்பை நிறுத்தும் அளவுக்கு அது பெரிய விஷயமா என்று கேட்கலாம். பிரைமரியில் கணிப்பு வெறும் அளவுகோலாக இருந்துவிடுவதில்லை என்பதே அதற்கு விடை. 2015 ஆகஸ்ட் 6 அன்று குடியரசுக் கட்சியின் முதல் விவாதத்தில், ஐந்து தேசியக் கணிப்புகளின் சராசரியை வைத்து 17 பேரில் 10 பேரை மட்டுமே முதன்மை மேடைக்கு அழைத்தார்கள். பத்தாவது இடத்துக்கும் பதினோராவது இடத்துக்கும் இடையிலான வேறுபாடு பிழை வரம்புக்குள்ளேயே அடங்கியது. ஆனால் ஒருவர் கோடிக்கணக்கானோர் பார்த்த மேடையில், மற்றவர் மாலை ஐந்து மணிக்குக் காலி அரங்கில். தாய்வழியில் சென்னைக் குடும்பத்தைச் சேர்ந்த கமலா ஹாரிஸ் 2019 ஜூன் விவாதத்துக்குப் பின் ஒரு தேசியக் கணிப்பில் 20 சதவீதம் பெற்று, 22 பெற்ற ஜோ பைடனை நெருங்கினார். பிறகு எண்கள் சரிந்தன, நன்கொடையும் வற்றியது. பணமில்லை என்று சொல்லி டிசம்பர் 3 அன்று விலகினார். ஒரு வாக்குகூட அதுவரை பதிவாகியிருக்கவில்லை.

வாக்காளரும் இந்த எண்களைப் படிக்கிறார். தனக்குப் பிடித்தவர் யார் என்பதோடு, மற்றவர்களுக்குப் பிடித்தவர் யார், எதிர்க்கட்சியை வெல்லக்கூடியவர் யார் என்பதையும் சேர்த்து எடைபோடுகிறார். 2020 பிப்ரவரி 29 அன்று தென் கரோலினாவில் பைடன் பெருவெற்றி பெற்றதும், மூன்றே நாளில் புட்டிஜெஜும் ஏமி குளோபஷாரும் விலகி அவருக்கு ஆதரவு தெரிவித்தனர். மார்ச் 3 அன்று வாக்களித்த 14 மாநிலங்களில் 10 பைடனுக்குப் போயின. அவற்றுள் மினசோட்டாவில் அவர் பிரசாரமே ஏறக்குறைய செய்திருக்கவில்லை. ஒரு வாரத்துக்கு முன் எடுத்த கணிப்புகள் அந்த வாரத்தின் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாக்குப்பெட்டி திறந்தபோது அந்தக் கேள்வியில் இருந்த பெயர்களில் இரண்டு களத்திலேயே இல்லை. கலிபோர்னியாவிலும் கொலராடோவிலும் முன்கூட்டியே அஞ்சலில் வாக்கை அனுப்பிவிட்ட பலர் அந்தப் பெயர்களுக்கே வாக்களித்திருந்தனர்.