மேற்குச் சுவரை ஒட்டிக் கட்டில் போடலாமா?

மதுரை இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே 9.9 டிகிரியில். அதனால் வருஷத்துக்கு இரண்டு முறை, ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும், மதியச் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வந்துவிடும். சித்திரை பிறக்கிற வாரத்தில் உச்சி வெயில் முழுவதையும் மொட்டை மாடி வாங்கும், பொழுது சாயச் சாய மேற்குச் சுவர் வாங்கும். வீட்டில் கட்டிலும் சோபாவும் எங்கே இருக்க வேண்டும் என்ற யோசனை இந்த வெயிலில் இருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. அலங்கார விதிகளோ பெரிய சுவரின் நடுவில் கட்டில், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி குட்டி மேஜை, டிவிக்கு எதிரே சோபா என்கின்றன. பார்க்க அழகுதான், ஆனால் அந்தச் சுவர் எந்தத் திசையில் நிற்கிறது என்று எந்த விதியும் கேட்பதில்லை.

சும்மா உட்கார்ந்திருந்தாலே நம் உடம்பு சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியே தள்ளியாக வேண்டும். காற்று கொஞ்சம் எடுத்துப் போகும், வேர்வை கொஞ்சம். காற்றோட்டம் இல்லாத அறையில் பெரிய பங்கு கதிர்வீச்சாகச் சுவருக்கும் கூரைக்கும் தரைக்கும் போகிறது. நம் தோல் 33, 34 டிகிரியில் இருக்கும். சுவர் அதைவிடக் குளிர்ந்திருந்தால் வெப்பம் நம்மை விட்டுப் போகும். சுவரின் சூடு ஏற ஏற அது குறையும். 34 டிகிரியைத் தாண்டினால் சுவர் நமக்கு வெப்பம் தர ஆரம்பிக்கும். டென்மார்க்கைச் சேர்ந்த பொறியாளர் ஓலே ஃபாங்கர் 1970 வாக்கில் வகுத்த சௌகரியக் கணக்கில், காற்றின் வெப்பநிலையோடு சுற்றியுள்ள பரப்புகளின் வெப்பநிலையும் தனியாக வருவது இதனால்தான். ஏசியில் 24 வைத்தும் ஒரு பக்கத் தோள் மட்டும் எரிகிறதென்றால் அந்தப் பக்கச் சுவரைத் தொட்டுப் பாருங்கள்.

அடுத்தது நேரம். 9 இஞ்ச் செங்கல் சுவரில் வெளியே பட்ட வெயில் உள்பக்கம் வந்து சேரப் பல மணி நேரம் பிடிக்கும். அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் சுடுகிற மாதிரி, நாலு மணிக்கு வாங்கிய சூட்டை நாம் படுக்கப் போகிற நேரத்தில் சுவர் கொடுத்துக்கொண்டிருக்கும். அதை ஒட்டிப் படுத்தால் உடம்பின் ஒரு பக்கம் முழுக்க அந்தச் சுவருக்கே எதிர்முகமாக இருக்கிறது. இரண்டு மூன்று அடி தள்ளிப் போட்டால் அதன் பங்கு குறைந்து மற்ற சுவர்களின் பங்கு கூடும். காலியான மேற்குச் சுவரில் துணி அலமாரியை வையுங்கள், துணியும் அதற்குள் அடைபட்ட காற்றும் வெப்பத்தை எளிதில் கடத்தாது. கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில், பீரோ வைக்கிற நம் ஊர்ப் பழக்கம் எந்தக் காரணத்துக்காக வந்திருந்தாலும், இந்தக் கணக்குக்கு அது ஒத்துப்போகிறது. அப்புறம், வடக்குச் சுவர் எப்போதும் குளிர்ச்சி என்று நம்பிவிட வேண்டாம், ஜூனில் மதியச் சூரியன் நம் தலைக்கு வடக்கே 13 டிகிரிக்கு மேல் சாய்ந்திருக்கும்.

மின்விசிறி அறையைக் குளிரவைப்பதில்லை, அதன் மோட்டார் சூட்டைக் கூட்டத்தான் செய்யும். அது செய்வது வேர்வையைக் காயவைப்பது: ஒரு கிராம் வேர்வை ஆவியாகும்போது சுமார் 2,400 ஜூல் வெப்பத்தைக் கொண்டுபோகிறது. அந்தக் காற்று இறக்கைகளுக்கு நேர் கீழே பலமாகவும், நடுக்குமிழுக்குக் கீழே சற்று மந்தமாகவும் இருக்கும், இறக்கை வட்டத்தைத் தாண்டினால் வேகமாகக் குறைந்துவிடும். கொக்கியை அறையின் நடுவில் மாட்டிவிட்டு, நடு இடம் காலியாக இருக்க வேண்டும் என்று கட்டிலைச் சுவரோரம் தள்ளுவதில் எனக்கு உடன்பாடே இல்லை.

ஆடியில் மேற்கே இருந்து வரும் காற்றுக்கும் வழி வேண்டும். ஜன்னலுக்குக் கீழே உயரமான முதுகு வைத்த சோபா நின்றால் உட்காருகிற உயரத்துக்குக் காற்று இறங்காது. கயிற்றுக் கட்டிலில் அடியிலிருந்தும் காற்று படும், ஃபோம் மெத்தை அந்த வழியை அடைத்துவிடும்.

எல்லா விதியும் வீண் என்று சொல்லவில்லை. சோபாவுக்கும் டீப்பாய்க்கும் நடுவே 18 அங்குலம் விடச் சொல்வது முழங்காலையும் கை எட்டும் தூரத்தையும் பார்த்து வந்தது, அது சரிதான்.

உங்கள் வீட்டில் இரவு பத்து மணிக்கு ஒவ்வொரு சுவரிலும் புறங்கையை வைத்துப் பாருங்கள், சுடுகிற சுவரை விட்டுக் கட்டிலை நகர்த்துங்கள். வாடகை வீட்டிலும் செய்யலாம், காசு செலவில்லை. மேல்மாடியில் குடியிருப்பவர்களுக்கு மட்டும் இது போதாது, தலைக்கு மேல் இருக்கிற கான்கிரீட் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் கூடவே வரும். அவர்கள் முதலில் மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும், கட்டிலை அப்புறம் பார்க்கலாம்.