டிரைவர்கள் பேசி வைத்துக்கொண்டு வருவதில்லை: பஸ்கள் ஏன் ஜோடியாக வருகின்றன?

ரொம்ப நேரம் ஒரு பஸ்கூட வராது. அப்புறம் ஒரே நம்பர் போட்ட இரண்டு பஸ், சில சமயம் மூன்று, ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு வந்து நிற்கும். முன்னால் வருவதில் படிக்கட்டு வரை ஆள், பின்னால் வருவதில் பாதி சீட் காலி. பஸ்ஸை நம்பி நகரத்தில் வாழும் யாருக்கும் இது புதிதில்லை. நிறுத்தத்தில் நிற்பவர்கள் உடனே சொல்லும் காரணமும் ஒன்றுதான்: டிரைவர்கள் டெப்போவில் பேசிக்கொண்டிருந்துவிட்டுச் சேர்ந்து கிளம்பியிருப்பார்கள். இந்தக் குற்றச்சாட்டைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். ஏனென்றால் எல்லா டிரைவரும் சரியான நேரத்தில், சரியான இடைவெளி விட்டுக் கிளம்பினாலும் பஸ்கள் வழியிலேயே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சும்மா விட்டால் நடப்பது அதுதான். நடக்கவிடாமல் வைத்திருப்பதற்குத்தான் பாடுபட வேண்டியிருக்கிறது.

எப்படி என்று ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். ஒரு வழித்தடம், 10 நிமிடத்துக்கு ஒரு பஸ். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் நிமிடத்துக்கு 2 பேர் வந்து சேர்கிறார்கள். ஒருவர் ஏறி முடிக்க 3 விநாடி. எல்லாம் ஒழுங்காக நடந்தால் பஸ் வரும்போது 20 பேர் காத்திருப்பார்கள், 60 விநாடி நின்று கிளம்பும். இப்போது ஒரு பஸ் ஏதோ சிக்னலில் மாட்டி 2 நிமிடம் தாமதமாகிவிட்டது என்று வையுங்கள். அடுத்த நிறுத்தத்தில் அதற்குக் காத்திருப்பது 24 பேர், எனவே நிற்க வேண்டியது 72 விநாடி. ஏற்கெனவே இருந்த தாமதத்தோடு இன்னும் 12 விநாடி சேர்ந்துவிட்டது. அந்த 12 விநாடியால் அதற்கடுத்த நிறுத்தத்தில் இன்னும் கொஞ்சம் கூடுதல் ஆள், அதனால் இன்னும் கொஞ்சம் கூடுதல் நேரம். இப்படியே ஒவ்வொரு நிறுத்தத்திலும் தாமதம் 10 சதவீதம் வளர்கிறது, வட்டிக்கு வட்டி போல.

பின்னால் வரும் பஸ்ஸுக்கு நடப்பது இதற்கு நேர் எதிர். அது சரியான நேரத்தில்தான் வருகிறது, ஆனால் முன்னால் போன பஸ் தாமதமாகப் போனதால் இடைவெளி 8 நிமிடமாகிவிட்டது, நிறுத்தத்தில் இருப்பது 16 பேர்தான், 48 விநாடியில் ஏற்றிவிட்டுக் கிளம்பிவிடுகிறது. அதாவது 12 விநாடி சீக்கிரமாக. அடுத்த நிறுத்தத்தில் இன்னும் குறைவான ஆட்கள், இன்னும் சீக்கிரம். முன்னால் போவது மந்தமாகிக்கொண்டே போக, பின்னால் வருவது வேகமெடுத்துக்கொண்டே வருகிறது, இத்தனைக்கும் இரண்டு டிரைவர்களும் சாலையில் ஒரே வேகத்தில்தான் ஓட்டுகிறார்கள். 10 நிறுத்தம் தாண்டியதும் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், 2 நிமிடத் தாமதம் 5 நிமிடத்துக்கு மேல் போயிருக்கும், பின்னால் வரும் பஸ் கிட்டத்தட்ட 5 நிமிடம் முன்னதாக ஓடிக்கொண்டிருக்கும். ஆக மொத்தம் 10 நிமிட இடைவெளி அப்படியே கரைந்து, இரண்டும் ஒரே நிறுத்தத்தில் நிற்கும். ஒரே ஒரு சிக்னலில் தொலைந்த 2 நிமிடத்துக்கு இத்தனை விளைவு.

இத்தோடு நிற்பதில்லை. இந்த இரண்டாவது பஸ் முன்னதாக ஓடுகிறது என்றால் அதற்குப் பின்னால் வரும் மூன்றாவது பஸ்ஸுக்கு இடைவெளி அகலமாகிறது, அதற்கு அதிகப் பேர், அது தாமதமாகிறது, நான்காவது அதைப் பிடித்துவிடுகிறது. அதனால்தான் பெரும்பாலும் ஜோடி ஜோடியாக வருகின்றன. இந்தக் கணக்கை 1964-லேயே கோர்டன் நியூவெல், ரென்ஃப்ரே பாட்ஸ் என்ற இருவர் எழுதிக் காட்டிவிட்டார்கள். நிஜத்தில் இறங்குபவர்கள் உண்டு, நெரிசல் உண்டு, ஒரு பஸ் இன்னொன்றை முந்துவதும் உண்டு, ஆகவே எண்கள் மாறும். அடிப்படை மாறாது: தாமதமான பஸ் மேலும் தாமதமாகும், சீக்கிரம் வரும் பஸ் மேலும் சீக்கிரமாகும்.

விடுமுறை நாள் மாலைகளில் இது ஏன் இன்னும் மோசமாக இருக்கிறது என்பதும் இதிலிருந்தே புரியும். சினிமா விட்டதும், பொருட்காட்சி மூடியதும், மேட்ச் முடிந்ததும் நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் ஒரே நிறுத்தத்துக்கு வருகிறார்கள். நிமிடத்துக்கு 2 பேர் என்ற கணக்கெல்லாம் அங்கே செல்லாது. அந்த நேரத்தில் முதலில் வந்து சேரும் பஸ்தான் மாட்டிக்கொள்ளும். இடம் இருக்கும் வரை ஏற்றிக்கொண்டு, குழந்தைகள், பைகள், படியில் நிற்பவர்கள் என்று கதவை மூட முடியாமல் சில நிமிடங்கள் நின்றுவிட்டுக் கிளம்பும்போது அந்த மாலை முழுவதுக்குமான தாமதத்தின் விதை விழுந்துவிடுகிறது. காட்சி முடியும் நேரத்துக்குப் பக்கத்திலேயே ஒரு காலி பஸ்ஸைத் தயாராக நிறுத்தி வைக்கும் நிர்வாகங்கள் செய்வது மிகச் சரியான காரியம். அந்த ஒரு பஸ்ஸால் அரங்கத்திலிருந்து வந்தவர்களுக்கு மட்டுமல்லாமல், வழித்தடத்தில் பத்து நிறுத்தம் தள்ளி நிற்பவருக்கும் நன்மை.

சரி, பஸ்கள் ஒட்டிக்கொண்டு வந்தால் என்ன, மொத்தத்தில் அதே எண்ணிக்கைதானே ஓடுகிறது என்று கேட்கலாம். எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி இதற்கான பதில்தான்.

10 நிமிடத்துக்கு ஒன்று என்று அச்சடித்தாற்போல் பஸ் வந்தால், ஏதோ ஒரு நேரத்தில் நிறுத்தத்துக்கு வருபவர் சராசரியாக 5 நிமிடம் காத்திருப்பார். இப்போது இடைவெளிகள் 18 நிமிடம், 2 நிமிடம், 18, 2 என்று மாறி மாறி இருக்கட்டும். சராசரி இடைவெளி இன்னமும் 10 நிமிடம்தான். ஆனால் நீங்கள் எந்த இடைவெளிக்குள் வந்து விழுவீர்கள்? ஒவ்வொரு 20 நிமிடத்திலும் 18 நிமிடம் அந்த நீண்ட இடைவெளிக்கே சொந்தம், ஆகவே பத்தில் ஒன்பது பேர் அதில்தான் மாட்டுவார்கள், அவர்கள் காத்திருப்பது சராசரியாக 9 நிமிடம். மீதி ஒருவருக்கு 1 நிமிடம். எல்லாரையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் 8.2 நிமிடம். பஸ்களின் எண்ணிக்கை குறையவே இல்லை, டிரைவர், டீசல் எதுவும் குறையவில்லை, ஆனால் காத்திருப்பு 5-லிருந்து 8.2 ஆகிவிட்டது. இரண்டும் முழுசாக ஒட்டிக்கொண்டே வந்தால் 10 நிமிடம். நிகழ்தகவு படிப்பவர்கள் இதைக் காத்திருப்பு முரண் என்பார்கள். நான் போகும்போது மட்டும் எப்போதும் பஸ் வருவதில்லை என்று அலுத்துக்கொள்பவர் சொல்வதில் கணித உண்மை இருக்கிறது: நீண்ட இடைவெளி அகலமானது, அதனால்தான் அதில் அதிகம் பேர் விழுகிறார்கள்.

கூட்டத்துக்கும் இதே கதைதான், இதைப் பலரும் கவனிப்பதில்லை. அந்த 18 நிமிட இடைவெளிக்குப் பின் வரும் பஸ்ஸில் 36 பேர் ஏறுகிறார்கள், 2 நிமிடம் கழித்து வருவதில் 4 பேர். நிர்வாகத்தின் கணக்கேட்டில் பஸ்ஸுக்குச் சராசரி 20 பேர், நெரிசலே இல்லை. ஆனால் அந்த 40 பயணிகளிடமும் போய் உங்களோடு சேர்த்து எத்தனை பேர் ஏறினீர்கள் என்று கேட்டால், 36 பேர் 36 என்பார்கள், 4 பேர் 4 என்பார்கள், சராசரி 32.8 வரும். இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை. ஒருவர் பஸ்களை எண்ணுகிறார், மற்றவர் மனிதர்களை எண்ணுகிறார். பயணிகளின் புகாரைப் பஸ்களின் சராசரியைக் காட்டித் தள்ளிவிடுவது நியாயமே இல்லை என்று நான் நினைக்கிறேன். லண்டனில் அடிக்கடி ஓடும் வழித்தடங்களை அளக்கும்போது, பஸ் அட்டவணைப்படி வந்ததா என்று பார்ப்பதை விட்டுவிட்டு, இடைவெளி கலைந்ததால் பயணி எத்தனை நிமிடம் கூடுதலாகக் காத்திருக்க நேர்ந்தது என்று பார்க்கிறார்கள். அளக்க வேண்டியது அதைத்தான்.

இதைச் சரி செய்ய மனிதர்கள் செய்த முயற்சிகளில் மெக்சிகோவின் குயர்னவாக்கா நகரத்து ஏற்பாடு ஓர் அற்புதம். 1990-களின் கடைசியில் அங்கே பஸ்களுக்கு அட்டவணை இருக்கவில்லை, எத்தனை பயணி ஏறுகிறார்களோ அதைப் பொறுத்துத்தான் டிரைவரின் வருமானம் இருந்தது. முன்னால் போன பஸ்ஸை ஒட்டிப் போனால் ஏற்ற ஆள் கிடைக்காது. அதனால் வழியில் சில இடங்களில் ஆட்கள் நின்று எந்தப் பஸ் எப்போது கடந்தது என்று குறித்து வைப்பார்கள், டிரைவர்கள் காசு கொடுத்து அந்தத் தகவலை வாங்கி, தேவைக்கேற்ப நிதானிப்பார்கள் அல்லது விரைவார்கள். பெட்ர் ஷேபா, மிலன் க்ர்பாலெக் என்ற செக் இயற்பியலாளர்கள் இந்த இடைவெளிகளைச் சேகரித்து ஆராய்ந்து 2000-இல் வெளியிட்டார்கள். யுரேனியம் போன்ற கனமான அணுக்கருக்களின் ஆற்றல் நிலைகளுக்கு இடையே உள்ள இடைவெளியை விளக்க இயற்பியலாளர் யூஜீன் விக்னர் 1950-களில் கையில் எடுத்த அதே கணிதம் இங்கேயும் அச்சாகப் பொருந்தியது. அணுக்கருவும் பஸ்ஸும் ஒன்று என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஒன்றையொன்று நெருங்க விடாமல் தள்ளிக்கொள்ளும் பொருட்கள் வரிசையில் நின்றால் இடைவெளிகள் இந்த வடிவத்துக்கு வந்து சேர்கின்றன. அந்த நகரத்தில் தள்ளும் விசையாக இருந்தது ஒரு துண்டுத் தாளில் எழுதிய நேரம்.

இன்று அந்தத் தாளின் வேலையை ஜிபிஎஸ் செய்துவிடும், ஆனால் அதை வைத்து என்ன செய்வது என்பதில்தான் பிரச்சினை. தாமதமான பஸ்ஸை வேகமாக ஓட்டச் சொல்ல முடியாது, சாலையில் அதற்கு வழியும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. மீதி இருப்பது ஒன்றுதான்: சீக்கிரம் வரும் பஸ்ஸை நிறுத்தி வைப்பது. எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது பஸ் ஒரு நிறுத்தத்தில் சும்மா நின்றால் உள்ளே இருப்பவர்களுக்குக் கோபம் வரும், எனக்கும் வரும். ஆனால் அந்த இரண்டு நிமிட நிறுத்தம் அடுத்து வரும் பல நிறுத்தங்களில் காத்திருக்கும் பல பேரின் நேரத்தை மிச்சப்படுத்துகிறது.

எவ்வளவு நேரம் நிறுத்துவது? ஜான் பார்தோல்டி, டொனால்ட் ஐசன்ஸ்டைன் என்ற ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட வழி மிக எளிது. அட்டவணையைத் தூக்கிப் போடுங்கள். பஸ் ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வந்ததும், தனக்குப் பின்னால் வரும் பஸ் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று மட்டும் பார்க்கட்டும். அது தள்ளி இருந்தால் கொஞ்சம் அதிக நேரம் நிற்க வேண்டும், நெருங்கிவிட்டால் சட்டென்று கிளம்பிவிட வேண்டும். இதை எல்லாப் பஸ்ஸும் செய்தால், மையத்திலிருந்து யாரும் கட்டளை போடாமலேயே இடைவெளிகள் தாமாகச் சமமாகிவிடும். அமெரிக்காவின் அட்லாண்டாவில் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழக வளாகத்தில் ஓடும் பஸ்களில் இதைச் சோதித்தும் காட்டினார்கள். அரை மணிக்கு ஒன்று, ஒரு மணிக்கு ஒன்று என்று ஓடும் வழித்தடத்துக்கு இது சரிப்படாது, அங்கே மக்கள் நேரம் பார்த்துத்தான் வீட்டிலிருந்து கிளம்புகிறார்கள், அட்டவணை வேண்டும். அடிக்கடி ஓடும் இடத்தில் யாரும் 6:42 பஸ் என்று தேடி வருவதில்லை.

இன்னொரு வழி, நோயின் வேரிலேயே கை வைப்பது: ஏறும் நேரத்தைக் குறைப்பது. மேலே போட்ட அதே கணக்கில் ஒருவர் ஏற 3 விநாடிக்குப் பதில் 2 விநாடி என்று மாற்றிப் பார்த்தேன். மற்றதெல்லாம் அப்படியே. 10 நிறுத்தம் கழித்து இரண்டு பஸ்ஸுக்கும் நடுவே ஏறக்குறைய 4 நிமிடம் மிச்சம் இருக்கிறது, முன்பு அது பூஜ்யமாகியிருந்தது. ஒரு ஆளுக்கு ஒரே ஒரு விநாடி! முன்கூட்டியே டிக்கெட், அட்டையைத் தட்டிவிட்டு ஏறுவது, தாழ்தளம், அகலக் கதவு எல்லாம் வெறும் சொகுசு என்று நினைப்பவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்ட வேண்டும். சான் பிரான்சிஸ்கோ 2012-இல் நகரம் முழுக்க எல்லாக் கதவுகளிலும் ஏறலாம் என்று அறிவித்ததன் பின்னால் இருப்பதும் இதே கணக்குதான்.

நிறுத்தத்தில் இருப்பவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஜோடியாக வந்தால் இரண்டாவதில் ஏறுங்கள், அது உங்கள் இடத்துக்குப் போகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு. உட்கார இடம் கிடைக்கும், எப்படியும் முன்னால் இருப்பது அதைவிட்டு வெகுதூரம் ஓடிவிடப்போவதில்லை, உங்களை ஏற்றும் 3 விநாடி அதற்கு மிச்சமாகும், பின்னால் இருப்பது கொஞ்சம் தாமதப்படும். இரண்டுமே இடைவெளியை விரிக்கும். மல்டிபிளெக்ஸில் மூன்று லிஃப்ட் இருந்தும் மூன்றும் ஒரே தளத்தில் ஒன்றாக வந்து திறக்கும்போதும் இதையே செய்யலாம், லிஃப்டுகள் ஒட்டிக்கொள்வதும் இதே காரணத்தால்தான்.