ஜியோடேக்கிங் – இடக்குறியிடல்

ஒரு படம் எடுத்த இடத்தின் அகலாங்கையும் நெட்டாங்கையும் அந்தப் படக் கோப்புக்குள்ளேயே எழுதிவைப்பதுதான் ஜியோடேக்கிங். படத்தின் மேல் எதுவும் அச்சாகாது. ஷட்டர் வேகமும் ஐஎஸ்ஓவும் பதிவாகும், கோப்புக்குள்ளேயே இருக்கும் எக்ஸிஃப் என்ற தகவல் பகுதியில் இதற்கெனத் தனிப் புலங்கள் உண்டு.

‘ஜியோ’ கிரேக்கத்தில் நிலத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த முன்னொட்டு. ஜியாகிரபியிலும் ஜியாமெட்ரியிலும் இருப்பது அதுவே. ‘டேக்’ ஆங்கிலத்தில் முதலில் உடையின் ஓரத்தில் தொங்கும் துண்டு. பிறகு சாமானில் கட்டும் சீட்டு. கணினி வந்தபின் தகவலோடு சேர்க்கும் அடையாளம்.

தமிழில் ‘புவிக்குறியிடல்’ என்று எழுதுகிறார்கள். தவறில்லை. ஆனால் ஓர் ஊருக்கே உரிய பொருளுக்குத் தரப்படும் ‘புவிசார் குறியீடு’ ஏற்கெனவே வேரூன்றிவிட்டதால் இரண்டும் குழம்புகின்றன. டேக்குக்கு வழங்கும் ‘குறிச்சொல்’லும் ஒட்டாது, இங்கே இடுவது சொல் அல்ல, எண். ‘இடக்குறியிடல்’ என்பதே பொருந்துகிறது; ‘இடக்குறி இட்ட படம்’ என்று பேச்சிலும் புழங்க வரும். போன வழியை ஜிபிஎஸ் கருவி சேமிக்கும் டிராக்குக்குத் ‘தடப்பதிவு’ போதும்.

கேமராவில் ஜிபிஎஸ் இல்லாவிட்டால் தடப்பதிவுதான் வழி. போனோ கையடக்கக் கருவியோ சில வினாடிக்கு ஒரு புள்ளியாக, இடத்தையும் நேரத்தையும் ஜிபிஎக்ஸ் என்ற வகைக் கோப்பில் சேர்த்துக்கொண்டே போகும். பிறகு எக்ஸிஃப்டூல், டிஜிகேம் போன்ற மென்பொருள் படம் எடுத்த நேரத்தைப் பார்த்து உரிய புள்ளியைப் பொருத்தும். படத்தையும் தடத்தையும் சேர்ப்பது நேரம் ஒன்றுதான். பிசகு வருவதும் பெரும்பாலும் அங்கேதான்.

ஜிபிஎக்ஸ் நேரம் உலகப் பொது நேரமான யூடிசியில் இருக்கும். கேமராவோ நாம் வைத்த உள்ளூர் நேரத்தை எழுதும். நேர மண்டலத்தைச் சொல்லும் புலம் எக்ஸிஃபில் 2016-இல் வந்த 2.31 பதிப்பில்தான் சேர்ந்தது. பழைய கேமராவாக இருந்தால் மண்டலத்தை மென்பொருளுக்கு நாமே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் படங்கள் மணிக்கணக்கில் நகர்ந்து விழும். அல்லது தடத்துக்கு வெளியே போய் இடமே பதிவாகாது.

அடுத்தது கடிகாரப் பிசகு. கிளம்பும் முன் வினாடியோடு நேரம் காட்டும் ஜிபிஎஸ் திரையை ஒரு படம் எடுத்துவிடுங்கள். திரையில் 10:15:00, படத்தின் எக்ஸிஃபில் 10:15:40 என்றால் கேமரா 40 வினாடி முந்துகிறது, திருத்தம் −40. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் காரில் அந்த 40 வினாடி சுமார் 670 மீட்டர். குறியை மாற்றி +40 என்று கொடுத்தால் பிழை இரட்டிப்பாகும். இது அடிக்கடி நடப்பது.

சுரங்கப்பாதையிலும் கட்டடத்துக்குள்ளும் சிக்னல் அறும். எக்ஸிஃப்டூல் இயல்பாக 1800 வினாடி வரையிலான இடைவெளியை நேர்கோடாக நிரப்பிவிடும். வளைந்து போன பாதையில் எடுத்த படம் ஏரிக்கு நடுவே விழுவது அதனால்தான். அந்த வரம்பைக் குறைத்து வைக்கலாம்.

கேமராவின் மூலத் தரவான ரா கோப்பில் நேரடியாக எழுதாமல், பக்கத்தில் தகவலை மட்டும் வைக்கும் எக்ஸ்எம்பி கோப்பாக வைப்பது பத்திரம். எழுதி முடித்ததும் இரண்டு மூன்று படங்களை வரைபடத்தில் திறந்து பாருங்கள். எக்ஸிஃபில் எண்ணும் திசையும் தனித்தனிப் புலங்கள். ‘மேற்கு’ விடுபட்டால் படம் கிழக்கே போய் நிற்கும். வீட்டில் எடுத்த படங்களைப் பொதுவில் பகிரும் முன் இந்தப் புலங்களை நீக்கிவிடுங்கள்.