கிரிட்: மின்கட்டமைப்பா, மின்தொகுப்பா?

மாடியில் சோலார் போடலாம் என்று விசாரிக்கப் போனால், கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி "ஆன்கிரிட்டா, ஆஃப்கிரிட்டா?" என்பதுதான். ஊர் மின்சாரத்தோடு இணைத்தா, தனியாகவா என்று பொருள். ஆன்கிரிட் விலை குறைவு, பேட்டரியும் வேண்டாம் என்பதால் பலரும் அதையே சொல்லிவிடுகிறார்கள். அப்புறம் ஒருநாள் நண்பகலில் கரண்ட் போகிறது. மேலே பலகைகள் நல்ல வெயிலில் காய்கின்றன, கீழே மின்விசிறி நின்றுவிடுகிறது. சொந்த மாடியில் வெயில் அடிக்கும்போது வீட்டுக்குள் ஏன் கரண்ட் இல்லை? பதில் அந்தக் 'கிரிட்' என்ற சொல்லுக்குள்தான் இருக்கிறது.

இதே சொல் இப்போது நாடுகளுக்கிடையிலான ஒப்பந்தங்களிலும் நிறைய வருகிறது. பன்னாட்டுச் சூரிய ஒளிக் கூட்டணியின் முதல் பேரவை 2018 அக்டோபரில் டெல்லியில் கூடியபோது, 'ஒரே சூரியன், ஒரே உலகம், ஒரே கிரிட்' என்ற யோசனையை இந்தியா முன்வைத்தது. 2021இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் பிரிட்டனும் சேர்ந்துகொள்ள, அது முறைப்படி தொடங்கியது. உலகின் புதுப்பிக்கத்தக்க மின் உற்பத்தித் திறனை 2030க்குள் மூன்று மடங்காக்க வேண்டும் என்று 2023இல் துபாய் மாநாடு அழைப்பு விடுத்தது. உற்பத்தி பெருகினால் அதைக் கொண்டுபோகக் கம்பி வேண்டுமே? அடுத்த ஆண்டு அசர்பைஜானின் பாகு நகர மாநாட்டில் அதற்கும் ஓர் உறுதிமொழி வந்தது: 2030க்குள் 2.5 கோடி கிலோமீட்டர் நீளத்துக்கு மின்தடங்களைப் புதிதாகப் போடுவது அல்லது பழையவற்றைச் சீரமைப்பது. இப்படிப்பட்ட செய்திகளைத் தமிழில் எழுதும்போது ஒருவர் மின்தொகுப்பு என்கிறார், ஒருவர் மின்கட்டமைப்பு என்கிறார், இன்னொருவர் கிரிட் என்றே விட்டுவிடுகிறார்.

முதலில் சொல்லின் பிறப்பு. ஆங்கிலத்தில் 'கிரிட்' ஒரு சுருக்கம். முழுச்சொல் 'கிரிடயர்ன்': இறைச்சியையும் மீனையும் நெருப்பின்மேல் வைத்துச் சுடும் இரும்புக் கம்பிச் சட்டம். அதன் வேர் பழைய பிரெஞ்சு வழியாக லத்தீனுக்குப் போகிறது. அங்கே 'கிராட்டிகுலா' என்றால் சிறிய தட்டி. அதற்கும் மூலம் 'கிராட்டிஸ்', குச்சிகளை முடைந்து செய்த படல். நம் ஊரில் வேலிக்கும் வாசலுக்கும் கட்டும் படலேதான். இரும்பு இந்தச் சொல்லில் முதலில் இல்லை. கடைசி அசை 'அயர்ன்' போலக் காதில் விழுந்ததால் மக்கள் வாயில் அது இரும்பாகிவிட்டது. வீட்டு வாசலில் போடும் கிரில் கேட்டும், உணவகத்து கிரில் சிக்கனும், பழம் அடுக்கும் கிரேட்டும் இதே குடும்பத்துச் சொற்கள்.

19ஆம் நூற்றாண்டில் 'கிரிட்' என்று சுருங்கி, குறுக்கும் நெடுக்குமாகப் போன எதற்கும் பெயரானது. மின்சாரத்துக்கு அது வந்தது பிரிட்டனில். 1920களில் அங்கே நூற்றுக்கணக்கான சிறு நிறுவனங்கள் தனித்தனியே மின்சாரம் விற்றன, மின்னழுத்தமும் அதிர்வெண்ணும் ஊருக்கு ஊர் வேறு. 1926ஆம் ஆண்டுச் சட்டம் மத்திய மின் வாரியம் ஒன்றை அமைத்தது. 1928இல் எடின்பரோ அருகே முதல் கோபுரம் எழுந்தது. 1933 அளவில் 1,32,000 வோல்ட் தடங்கள் பெரிய நிலையங்களை இணைத்துவிட்டன. நாடெங்கும் ஓடிய அந்தக் கம்பிகளுக்குக் கிரிட் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

ஆனால் கம்பி என்பது பாதிக் கதைதான். கிரிட் என்று பொறியாளர் சொல்லும்போது அவர் மனத்தில் இருப்பது, இணைந்த எல்லா எந்திரங்களும் ஒரே தாளத்தில் சுற்றுவது. நம் நாட்டில் அந்தத் தாளம், அதாவது அதிர்வெண், நொடிக்கு 50 அலைவு. இதை விளக்கத் தேர் இழுப்பதைத்தான் சொல்ல வேண்டும். வடத்தைப் பிடித்திருக்கும் ஆயிரம் பேரும் ஒரே நேரத்தில் இழுத்தால்தான் தேர் நகரும். ஆளாளுக்கு ஒரு நேரத்தில் இழுத்தால் வடம்தான் அறும். மின்சாரத்தில் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. தனியாகச் சேமிப்பு வைத்தாலொழிய, உண்டாகும் மின்சாரம் அதே நொடியில் செலவாகிவிட வேண்டும். தேவை கூடினால் தாளம் 50க்குக் கீழே இறங்கும், உற்பத்தி கூடினால் மேலே ஏறும். அனல், நீர்மின் நிலையங்களில் சுழலும் கனத்த எந்திரங்கள் இந்த ஏற்ற இறக்கத்தைச் சட்டென்று விடாமல் தாங்கிப் பிடிக்கின்றன.

மாடிப் பலகையில் சுழலும் எந்திரம் கிடையாது. பலகையின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றும் கருவியான ஆன்கிரிட் இன்வெர்ட்டர் வெளியிலிருந்து வரும் தாளத்தைக் கேட்டு அதன்படியே தன் மின்சாரத்தைச் சேர்க்கிறது. தாளம் நின்றால் அதுவும் தானாக நின்றுவிட வேண்டும் என்றே செய்யப்பட்டிருக்கிறது. மின்தடை என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் ஊழியர் மேல் உங்கள் மாடியின் மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது அல்லவா?

இந்தத் தாளம் எவ்வளவு மெல்லியது என்பதை 2025 பிப்ரவரி 9 காட்டியது. அன்று ஞாயிற்றுக்கிழமை. இலங்கை முழுவதும் முற்பகலில் இருண்டது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று மின்மாற்றியில் பட்டதே காரணம் என்று எரிசக்தி அமைச்சர் சொன்னார். குரங்குதான் எல்லோர் நினைவிலும் நின்றது. ஆனால் ஒரு குரங்கால் ஒரு நாடே இருள வேண்டியதில்லை. விடுமுறை நாள் என்பதால் தேவை குறைவு, வெயில் என்பதால் கூரைச் சூரிய மின்சாரம் மிகுதி, அதனால் கனத்த எந்திரங்கள் சில மட்டுமே சுழன்றுகொண்டிருந்தன. தாங்கிப் பிடிக்க ஆளில்லாத நேரத்தில் அடி விழுந்தது. நுரைச்சோலை அனல் நிலையத்தின் எந்திரங்கள் நின்றுபோனதால் அடுத்த இரண்டு நாளும் முறைவைத்து மின்வெட்டு. அந்த ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறை வந்தபோது, பகலில் கூரைப் பலகைகளை அணைத்து வைக்கும்படி இலங்கை மின்சார சபையே கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. வெயில் இருக்கிறது, பலகை இருக்கிறது, வாங்கிக்கொள்ளத்தான் இடமில்லை. அக்கம்பக்கத்து நாட்டோடு கம்பி இல்லாத தீவின் நிலை இது. எனக்கு இது மிகவும் வருத்தம் தரும் செய்தி.

இலங்கை இருண்ட அதே பிப்ரவரி 9 அன்று ஐரோப்பாவில் வேறொன்று நடந்தது. சோவியத் காலத்திலிருந்து ரஷ்யாவின் தாளத்திலேயே இயங்கிவந்த எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியா மூன்றும் பிப்ரவரி 8 அன்று அந்த இணைப்பைத் துண்டித்தன. ஓரிரவு தமக்குத் தாமே இயங்கிப் பார்த்தன. 9ஆம் தேதி மேற்கு ஐரோப்பாவின் தாளத்தில் சேர்ந்துகொண்டன. இதற்கு முன் 2022 மார்ச்சில், போரின் நடுவே, உக்ரைனும் மால்டோவாவும் இதைச் செய்தன.

காற்றும் வெயிலும் நம் நேரத்துக்கு வருவதில்லை. ஒரு நாட்டில் மிஞ்சும் நேரத்தில் இன்னொரு நாட்டில் குறையும். இதை நன்றாகப் பயன்படுத்தியவை டென்மார்க்கும் நார்வேயும். இரண்டுக்கும் நடுவே உள்ள ஸ்காகெராக் கடலடியில் 1976, 77இல் போட்ட வடங்களோடு தொடங்கி இன்று நான்கு வடங்கள், மொத்தம் 1,700 மெகாவாட். டென்மார்க்கில் காற்று பலமாக வீசும்போது நார்வே அந்த மின்சாரத்தை வாங்கிக்கொண்டு தன் அணைகளின் மதகை மூடி வைக்கிறது. காற்று அடங்கியதும் மதகு திறக்கிறது, மின்சாரம் திரும்பி வருகிறது. நார்வேயின் நீர்த்தேக்கம் டென்மார்க்கின் காற்றுக்குச் சேமிப்புக் கிடங்காகிவிட்டது. ஜெர்மனியோடும் இங்கிலாந்தோடும் தலா 1,400 மெகாவாட் வடங்கள் 2021இல் வந்தன. இதில் உரசலும் உண்டு. ஐரோப்பாவில் விலை ஏறியபோது தெற்கு நார்வேயிலும் மின்கட்டணம் ஏறியது. பழைய வடங்களைப் புதுப்பிக்கவே கூடாது என்று அங்கே ஒரு பெரிய தரப்பு கேட்கிறது. அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. கம்பி வழியாக மின்சாரத்தோடு விலையும் சேர்ந்துதான் வரும்.

நம் பக்கத்தில் நேபாளம். மழைக்காலத்தில் அதன் ஆறுகளில் மின்சாரம் மிஞ்சுகிறது, குளிர்காலத்தில் பற்றாக்குறை, அப்போது இந்தியாவிடமிருந்து வாங்குகிறது. 2024 நவம்பர் 15 அன்று நேபாளம் முதல்முறையாக வங்கதேசத்துக்கு 40 மெகாவாட் விற்றது. இரண்டு நாடுகளுக்கும் பொது எல்லை இல்லை, நடுவில் இந்தியா. நேபாளம் தால்கேபார்–முசாபர்பூர் தடத்தில் 40 மெகாவாட்டை உள்ளே விடுகிறது, பகராம்பூர்–பேராமாரா வழியே வங்கதேசம் 40 மெகாவாட்டை எடுத்துக்கொள்கிறது, கணக்கு மூன்று நாட்டுக்கும் நடுவில் தீர்கிறது. இந்த மின்சாரம் அந்த மின்சாரமா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அளவு சிறியதுதான். ஆனால் மூன்று நாடுகளின் மின் நிறுவனங்கள் கையெழுத்திட்டு ஒரு கம்பியில் நம்பிக்கை வைத்தது இந்தத் துணைக்கண்டத்தில் பெரிய காரியம்.

சரி, தமிழுக்கு வருவோம். தமிழ்நாட்டுச் செய்திகளில் 'மின்தொகுப்பு' பரவலாக இருக்கிறது. அழகான சொல், ஆனால் இரண்டு இடறல்கள். 'மத்தியத் தொகுப்பிலிருந்து தமிழகத்துக்குக் கூடுதல் மின்சாரம்' என்று நாளிதழ்கள் எழுதும்போது அங்கே தொகுப்பு என்பது மத்திய அரசின் மின் நிலையங்களில் மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பங்கு. அது கிரிட் அல்ல. ஒரே துறையில் ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்தால் படிக்கிறவர் குழம்புவார். அடுத்தது, தொகுத்தல் என்றால் சேர்த்து வைத்தல். மின்சாரம் எங்கோ ஒரு தொட்டியில் சேர்ந்திருக்கிறது என்ற எண்ணத்தை அது கொடுத்துவிடும். கிரிட்டில் எதுவும் சேர்ந்திருப்பதில்லை.

'மின்வலை' சுருக்கமானது. ஆனால் காட்டுப்பன்றிக்கு வைக்கும் மின்வேலியை நினைவுபடுத்துகிறது, வேகமாகப் படிக்கும்போது கண் தடுமாறும். 'மின்பின்னல்' என்று சொல்லலாம், லத்தீன் மூலத்தின் முடைதல் அதில் இருக்கிறது. கேட்க இனிமை, ஆனால் புழக்கத்தில் இல்லை.

என் தேர்வு 'மின்கட்டமைப்பு'. நிலையம், தடம், மின்மாற்றி, கட்டுப்பாட்டு அறை எல்லாம் ஒன்றாகக் கட்டப்பட்டு ஒன்றாக இயங்குவது அதில் அடங்குகிறது. இதைவிடப் பெரிய காரணம், இலங்கைத் தமிழ் ஊடகங்கள் ஏற்கெனவே 'தேசிய மின்கட்டமைப்பு' என்றே எழுதுகின்றன, தமிழ்நாட்டிலும் இந்தச் சொல் புழங்குகிறது. மற்றவற்றில் இரு கரையும் பிரிந்து நிற்கின்றன. இங்கே அதிர்வெண், அங்கே மீடிறன். இங்கே மாறுதிசை மின்னோட்டம், அங்கே ஆடலோட்டம். மின்மாற்றியை அங்கே நிலைமாற்றி என்பார்கள். இரு கரைக்கும் பொதுவாகக் கிடைத்த ஒரு சொல்லை விட்டுவிடக் கூடாது.

இதை வைத்து மற்றவை எளிதாகும். ஆன்கிரிட் 'கட்டமைப்பில் சேர்ந்தது', ஆஃப்கிரிட் 'தனித்து இயங்குவது'. மைக்ரோகிரிட் 'குறு மின்கட்டமைப்பு': யாழ்ப்பாணத்துக்கு அப்பால் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றிலும் இந்திய உதவியோடு அமைக்க 2024 மார்ச்சில் ஒப்பந்தமான காற்று, சூரிய மின் திட்டங்களுக்கு இந்தப் பெயர் பொருந்தும். நாடுகளை இணைக்கும் இன்டர்கனெக்டர் 'இணைப்புத் தடம்', கடலுக்கடியில் போனால் 'கடலடி மின்வடம்'. எல்லாம் ஒரே தாளத்துக்கு வருவது 'ஒத்திசைவு'.

இணைப்பு வேறு, ஒத்திசைவு வேறு. இதை நம் அனுபவத்திலேயே காணலாம். 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியா இருண்டது, இரண்டாம் நாள் கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்து இருண்டன. தென்னகம் தப்பித்தது. தால்ச்சேர்–கோலார் போன்ற நேர்மின் தடங்களால் தென்மண்டலம் மற்ற மண்டலங்களோடு இணைந்திருந்தது, ஆனால் ஒரே தாளத்தில் இல்லை. நேர்மின்சாரம் ஒரே திசையில் ஓடுவது, அதற்கு அதிர்வெண் கிடையாது, அதனால் ஒருபக்கத்துத் தடுமாற்றம் மறுபக்கம் அப்படியே தாவாது. ரெய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடம் வழியாக 2013 டிசம்பர் 31 அன்றுதான் தென்மண்டலம் ஒத்திசைவுக்கு வந்தது. ஆடிக் காற்றில் முப்பந்தலில் சுழலும் காற்றாலைகளுக்கு நாடு முழுவதும் ஒரே சந்தை ஆவதற்கு அது ஒரு படி.

2025 ஏப்ரல் 5 அன்று கொழும்பில் இந்தியாவும் இலங்கையும் கையெழுத்திட்ட புரிந்துணர்வு ஒப்பந்தம், உயரழுத்த நேர்மின் இணைப்புக்கானது. பல ஆண்டுகளாகப் பேசப்படும் பாதை மதுரையிலிருந்து கடலைக் கடந்து மன்னார் வழியாக ஹபரணைக்குப் போகிறது. வடம் வந்தால், ஞாயிற்றுக்கிழமை வெயிலில் மிஞ்சும் மின்சாரத்தை இலங்கை இங்கே அனுப்ப முடியும், வேண்டியபோது இங்கிருந்து வாங்கவும் முடியும். அப்போதும் இலங்கை தன் தாளத்திலும் இந்தியா தன் தாளத்திலும்தான் சுழலும். ஆகவே அந்தச் செய்தியை எழுதும்போது 'இரு நாட்டு மின்கட்டமைப்புகளும் இணைகின்றன' என்பது சரி. 'இரண்டும் ஒரே மின்கட்டமைப்பாகின்றன' என்றால் பிழை. அப்படி எழுதுவது லிதுவேனியாவுக்கும் உக்ரைனுக்கும் பொருந்தும்.