தகரம் அடிக்கும் முன்பே தீர்மானத்தைப் படியுங்கள்

ஊர் நடுவில் இருக்கும் பார்க்கிங் இடத்தில் உள்ளாட்சி கட்டடம் கட்டுவதற்காகச் சுற்றிலும் தகரம் அடித்த பிறகுதான் பெரும்பாலானவர்கள் வக்கீல் ஆபீஸைத் தேடி வருகிறார்கள். பக்கத்துக் கடைக்காரர்கள், வேன் ஓட்டுநர்கள், அந்த இடத்தின் ஓரத்தில் பூவும் பழமும் விற்கிறவர்கள் என்று நாலைந்து பேர் சேர்ந்து வருவார்கள். “சாரே, டெண்டர் விட்டதே எங்களுக்குத் தெரியாது, தகரம் அடிச்ச பொறவுதான் பாத்தோம்” என்பதுதான் அவர்கள் சொல்லும் முதல் வார்த்தை. அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் தகரம் வருவதற்கு முன்பே மன்றத் தீர்மானம், நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, டெண்டர், வேலை உத்தரவு எல்லாம் முடிந்திருக்கும். அந்தக் கட்டத்தில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனால் “இவ்வளவு நாள் ஏன் வரவில்லை?” என்ற கேள்விதான் முதலில் வரும். பொதுப்பணம் கோடிக்கணக்கில் இறங்கிய வேலையை நிறுத்த நீதிமன்றங்கள் தயங்கும். அந்தத் தயக்கத்திலும் நியாயம் இருக்கிறது.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்தப் பிரச்சினைக்குக் கனம் அதிகம். மார்த்தாண்டம், தக்கலை, குளச்சல், நாகர்கோவிலில் வேப்பமூடு முதல் மணிமேடை வரை, எங்கே பார்த்தாலும் கடை வாசலை ஒட்டியே ரோடு. நடுவூரில் முப்பது நாற்பது சென்ட் பொது இடம் கைவிட்டுப் போனால் இன்னொன்று கிடைக்காது. கன்னியாகுமரி ஊரில் சபரிமலை சீசன் நாள்களில் ஒரு பார்க்கிங் இடம் அடைபட்டால் வண்டிகள் எதுவரை நிற்கும் என்பது அங்கே கடை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

அதற்காக, பார்க்கிங் இடத்தில் கட்டடமே கூடாது என்று நான் சொல்லவில்லை. நகராட்சிகளும் பேரூராட்சிகளும் வரியை மட்டும் நம்பி ஓட முடியாது. கடை வாடகை நிலையான வருமானம். பழைய பஸ் ஸ்டாண்டையும் சந்தையையும் இடித்துக் கட்ட கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம் போன்றவற்றில் பணமும் வருகிறது. கட்டட்டும். எத்தனை வண்டி நிற்கும் என்பதை எண்ணில் சொல்லிவிட்டுக் கட்டட்டும்.

ஏனென்றால், நான் கையில் வாங்கிப் பார்த்த தீர்மான நகல்களில் பெரும்பாலும் இல்லாமல் போவது அந்த எண்தான். வார்டு எண் இருக்கும், நகரளவை எண் இருக்கும், மதிப்பீட்டுத் தொகை இருக்கும், “மன்றத்தின் அனுமதிக்கு வைக்கப்படுகிறது” என்று முடிந்திருக்கும். இப்போது அங்கே எத்தனை வண்டி நிற்கிறது, கட்டி முடித்த பிறகு எத்தனை நிற்கும் என்று ஒரு வரிகூட இருக்காது. இன்னும் சிலவற்றில் வேலைக்கான நடவடிக்கையை முதலிலேயே தொடங்கிவிட்டுப் பின்னேற்புக்காக மன்றத்துக்குக் கொண்டுவந்திருப்பார்கள். அப்படி வரும் பொருளை எந்தக் கவுன்சிலரும் நின்று படிப்பதில்லை.

கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். நாற்பது சென்ட் என்பது ஏறத்தாழ 1,600 சதுர மீட்டர். விதிப்படி ஒரு காருக்கு 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம் வேண்டும். உள்ளே ஓட்டி வந்து திருப்பும் பாதையையும் சேர்த்தால் நடைமுறையில் ஒரு காருக்கு 25 சதுர மீட்டர் போய்விடும். டூவீலருக்குப் பாதையோடு மூன்று சதுர மீட்டர் என்று வைக்கலாம். இடத்தைப் பாதிப் பாதியாகப் பிரித்தால் சுமார் 30 காரும் 250 டூவீலரும் வெறும் தரையிலேயே நிற்கும். இதே இடத்தில் தரைத்தளம் முழுக்க 25 கடை, மேலே இரண்டு தளம் பார்க்கிங் என்று ஒரு வரைபடம் வருகிறது என்று வையுங்கள். சுற்றிலும் விட வேண்டிய காலி இடம் போனால் கட்டடத்துக்குக் கிடைப்பது ஆயிரம் சதுர மீட்டர் இருந்தால் அதிகம். கார் ஏற எட்டுக்கு ஒன்று என்ற சரிவு வைத்தால், மூன்று மீட்டர் உயரம் ஏற 24 மீட்டர் நீளம் வேண்டும். மூன்றரை மீட்டர் அகலத்தில் அது 84 சதுர மீட்டர். மூன்று நான்கு கார் நிற்கும் இடத்தைச் சரிவுப் பாதையே தின்றுவிடும். இறங்க வேறு பாதை வைத்தால் அது இரட்டிப்பாகும். லிஃப்ட், படிக்கட்டு, தூண் எல்லாம் தனி.

அப்புறம் கடைகள். ஒரு கடைக்கு முதலாளியும் இரண்டு வேலையாட்களும் என்றால் 25 கடைக்கு 75 டூவீலர். காலையில் முதலில் வந்து இடத்தைப் பிடிப்பது அந்த வண்டிகள்தான். நாகர்கோவில் அப்டா மார்க்கெட்டுக்கோ நகைக்கடைக்கோ வந்தவர் பதினொரு மணிக்கு வரும்போது மேல் தளம்தான் மிச்சம் இருக்கும். டூவீலரைச் சரிவில் மேலே ஏற்றிப் பூட்டிவிட்டு இறங்கி வர நம் ஆட்கள் விரும்புவதில்லை. ரோட்டோரத்தில் விட்டுவிட்டுப் போவார்கள். எனவே இரண்டு தளம் கூடுதலாகக் கட்டினால் இடமும் இரண்டு மடங்கு ஆகிவிடும் என்று யாராவது சொன்னால் வரைபடத்தைக் கேளுங்கள். கோயம்புத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் அடுக்குமாடி பார்க்கிங் திறந்த பிறகும் மக்கள் ரோட்டிலேயே வண்டியை விட்டார்கள் என்பது பத்திரிகைகளில் வந்த செய்தி.

தரைக்குக் கீழே பார்க்கிங் என்றால் இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொள்கிறது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்யும் மாவட்டம் இது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது தாழ்வான இடங்களில் தண்ணீர் எப்படித் தேங்கியது என்பதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கீழ்த்தளத்துத் தண்ணீரை இறைக்க மோட்டார், கரண்ட் போனால் ஜெனரேட்டர், அதை ஆண்டு முழுக்கப் பராமரிக்க ஆள், இவற்றுக்கான செலவு மதிப்பீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.

நிலம் யாருடையது என்பதையும் நம் பகுதியில் அப்படியே நம்பிவிடக் கூடாது. திருவிதாங்கூர் காலத்துப் பதிவு, ரீசர்வே, நகரளவை என்று ஒரே இடத்துக்கு மூன்று எண் இருக்கும். பக்கத்தில் தேவசம் (கோயில் நிர்வாகம்) நிலம் இருக்கலாம், குளத்துக்குத் தண்ணீர் போகும் ஓடை இருக்கலாம். என்னிடம் வந்த ஒரு விஷயத்தில், உள்ளாட்சி தயாரித்த வரைபடம் இடத்தைச் சுத்தமான செவ்வகமாகக் காட்டியது. சர்வே எல்லைகளைக் காட்டும் புலப்படத்தின் நகலை வாங்கி விரித்துப் பார்த்தோம். கிழக்கு எல்லையை ஒட்டி ஒல்லியாக இரண்டு கோடு, ஓடைப் புறம்போக்கு. நேரில் போனால் அங்கே சிமென்ட் ஸ்லாப் மூடிய சாக்கடை மாதிரிதான் தெரியும். டெண்டருக்கு முன்பே அந்த நகலை இணைத்து மனு கொடுத்ததால், நீதிமன்றம் போகாமலே கட்டடம் ஓடையை விட்டு மேற்கே தள்ளப்பட்டது. இதே மனு வேலை உத்தரவுக்குப் பிறகு போயிருந்தால் ஆண்டுக்கணக்கில் வழக்கு நடத்தியிருக்க வேண்டும்.

ஓரத்தில் விற்கிறவர்களைப் பற்றி இந்தக் கோப்புகளில் பேச்சே இருப்பதில்லை. எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். 2014-ம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டப்படி 30 நாள் நோட்டீஸ் இல்லாமல் அவர்களை அப்புறப்படுத்தவோ வேறிடத்துக்கு மாற்றவோ முடியாது. அந்தச் சட்டப்படி அமையும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளாகவே இருக்க வேண்டும். அந்தக் குழு கூடியதா, இந்த இடத்தைப் பற்றிப் பேசியதா என்று கேட்டாலே பல அலுவலகங்களில் வேகம் குறைகிறது.

விதியை மீறிக் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு லக்னோ ஒரு நல்ல பாடம். அமீனாபாத் கடைவீதியில் இருந்த பூங்காவுக்கு அடியில் பார்க்கிங்கோடு சேர்த்து நிலத்தடி வணிக வளாகம் கட்ட, அந்த ஊர் மாநகராட்சி டெண்டரே விடாமல் ஒரு தனியார் பில்டரோடு ஒப்பந்தம் போட்டது. வழக்கு உயர் நீதிமன்றத்தைத் தாண்டி உச்ச நீதிமன்றம் போனது. 1999-ல் எம்.ஐ. பில்டர்ஸ் வழக்கில் தீர்ப்பு வந்தது. பெரும்பகுதியை இடித்துப் பூங்காவை மீட்க வேண்டும், ஒரு பகுதியைக் கடையாக இல்லாமல் பார்க்கிங்காகவே மாற்ற வேண்டும் என்று உத்தரவு. பணம் செலவாகிவிட்டது என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனாலும் அது அரிதான தீர்ப்பு. அதை மட்டும் நம்பி வேலை உத்தரவு வரை காத்திருக்காதீர்கள்.

சரி, எங்கே தொடங்குவது? ஒரு இடத்தைப் பற்றி ஊரில் பேச்சு அடிபட்ட உடனே தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். கட்டணம் பத்து ரூபாய், கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு. “ஏன் கட்டுகிறீர்கள்?” என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. தீர்மானத்தின் நகல், நில ஆவணம், வரைபடம், மதிப்பீடு, வாகனக் கணக்கெடுப்பு, விற்பனைக் குழுக் கூட்டக் குறிப்பு என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். இன்னும் நல்லது, கோப்பை நேரில் பார்வையிட அனுமதி கேட்பது. அதுவும் அதே சட்டம் தரும் உரிமை. கோப்பில் பென்சிலால் எழுதிய குறிப்புகூடப் பல நேரம் விஷயத்தைச் சொல்லிவிடும். “அப்படி ஓர் ஆவணம் இல்லை” என்று வரும் பதிலும் உங்களுக்குச் சாதகமான ஆதாரம்தான், பத்திரப்படுத்துங்கள்.

கூடவே வார்டு கவுன்சிலரிடம் எழுத்தில் கொடுத்து, மன்றத்தில் ஆட்சேபனையைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். வாயால் சொன்னது தீர்மானப் புத்தகத்தில் ஏறாது. 2022 நவம்பர் 1-ம் தேதி முதல் மாநகராட்சி, நகராட்சிகளில் பகுதி சபைகள் நடக்கின்றன. நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த நாளும் அதே நவம்பர் 1 என்பதால் எனக்கு அந்தத் தேதி மறப்பதில்லை. அங்கே பத்துப் பேர் போய் ஒரே கேள்வியைக் கேட்டால் அதற்கு எடை உண்டு. கலெக்டர் ஆபீஸ் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுக்கும் மனுவுக்கு ரசீது வாங்கி வையுங்கள். சட்டத்துக்கு முரணான தீர்மானத்தை நிறுத்தி வைக்கவும் ரத்து செய்யவும் மாநில அரசுக்கு அதிகாரம் இருப்பதால், நகராட்சி நிர்வாக இயக்குநருக்கும் ஒரு நகல் போகட்டும். பிறகு நீதிமன்றம் போக நேர்ந்தால், நீங்கள் தூங்கிக் கொண்டிருக்கவில்லை என்பதற்கு இந்தத் தாள்களே சாட்சி.

கட்டுவதில் உங்களுக்கு ஆட்சேபனை இல்லாவிட்டாலும் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். வேலை நடக்கும் காலம் முழுக்க வண்டிகள் எங்கே நிற்கும், வேனும் ஆட்டோவும் எங்கே போகும் என்ற மாற்று ஏற்பாடு டெண்டர் நிபந்தனையிலேயே இடத்தின் பெயரோடு இருக்க வேண்டும். ஓணம் வியாபாரத்துக்கும் கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்கும் முன்பு எந்த வேலை முடிந்திருக்க வேண்டும் என்பதும் அதில் வரட்டும். டெண்டர் திறந்த பிறகு இதைச் சேர்க்கச் சொன்னால் ஒப்பந்ததாரர் கூடுதல் தொகை கேட்பார்.