மார்ட்டிர்: தியாகியா, மறைசாட்சியா?

ஓவியங்களின் ஆங்கிலத் தலைப்பில் 'மார்ட்டிர்டம்' (martyrdom, நம்பிக்கைக்காகச் சாவது) என்று கண்டால் பலரும் யோசிக்காமல் 'தியாகம்' என்று எழுதிவிடுகிறார்கள். மூலச் சொல்லில் தியாகமே கிடையாது. கிரேக்கத்தில் 'மார்த்துஸ்' என்றால் சாட்சி. வழக்கில் கண்டதைச் சொல்ல வருகிறாரே, அதே சாட்சிதான். இயேசுவுக்குச் சாட்சி சொன்னதற்காகக் கொல்லப்பட்டவர்களை அப்படியே அழைத்துவர, சாவும் அதன் பொருளில் சேர்ந்துகொண்டது. அரபியில் இதே இடத்தில் வரும் 'ஷஹீத்'துக்கும் சாட்சி என்ற பொருள் உண்டு.

தமிழ்க் கிறிஸ்தவர்கள் இதைச் சரியாகவே பிடித்திருக்கிறார்கள். கத்தோலிக்கரின் பழைய வழக்கு வேதசாட்சி, இன்றைய வழக்கு மறைசாட்சி. இரத்தசாட்சி என்போரும் உண்டு. 1752இல் ஆரல்வாய்மொழியில் சுட்டுக் கொல்லப்பட்டு, 2022இல் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம் நமக்குத் தெரிந்த மறைசாட்சி. 'சாட்சி' வடமொழி, சரி. தமிழில் சான்று இருக்கிறது, 'கரி'யும் இருக்கிறது. 'இந்திரனே சாலுங் கரி' என்கிறது குறள். ஆனால் இன்று 'மறைக்கரி' என்று எழுதினால் அடுப்புக்கரிதான் நினைவுக்கு வரும். மறைசாட்சியே போதும்.

ரோமில் சான் லூயிஜி தேய் பிரான்சேசி கோவிலில் இருக்கும், இத்தாலிய ஓவியர் கரவாஜியோவின் ஓவியத்தைப் பாருங்கள். 1600இல் முடித்தது, நாடகத்தனமான ஒளியும் அசைவும் கொண்ட பரோக் பாணியின் தொடக்க காலம். பலிபீடத்தடியில் இயேசுவின் சீடர் மத்தேயு மல்லாந்து கிடக்கிறார். அரை நிர்வாணமாக நிற்கும் கொலையாளி ஒரு கையில் வாளோடு, மறு கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறான். ஒளி முழுக்க அவன் உடம்பில்தான் விழுகிறது; புனிதரைவிட அவனே கண்ணில் படுகிறான். வலப்பக்கம் ஒரு சிறுவன் வாய் பிளந்து அலறியபடி ஓடுகிறான். பின்னால் இருட்டில் திரும்பிப் பார்த்தபடி ஒரு தாடிக்காரர். அது கரவாஜியோவின் சொந்த முகம். கொலைக்குத் தன்னையும் சாட்சியாக நிறுத்திக்கொண்டார் என்றே எனக்குப் படுகிறது. இதற்கு 'மத்தேயுவின் தியாகம்' என்று பெயர் வைத்தால் பாதி போய்விடும். 'மத்தேயுவின் மறைசாட்சி மரணம்' என்பதே பொருந்தும்.

மேகத்திலிருந்து எட்டிக் குனியும் வானதூதர் மத்தேயுவின் கைக்கு நீட்டுவது ஈச்ச ஓலை. மறைசாட்சிகளுக்கு உரிய அடையாளம் அது. வேறு ஓவியங்களிலும் புனிதரின் கையில் அந்த ஓலை இருந்தால் அவர் கொல்லப்பட்டவர் என்று பொருள். யார் என்பதைப் பக்கத்தில் இருக்கும் பொருள் சொல்லிவிடும்: முள் சக்கரம் என்றால் அலெக்சாந்திரியா கத்தரீன், அம்பு என்றால் செபஸ்தியார், இரும்புக் கம்பி அடுப்பு என்றால் லாரன்ஸ், உரித்த தோலோ கத்தியோ என்றால் பர்த்தலமேயு.