சமத்துக் குழந்தைக்கு ஒரு சொட்டு இரத்தப் பரிசோதனை

"அழுவதே இல்லை டாக்டர். பால் கொடுக்கக்கூட நாங்கள்தான் எழுப்ப வேண்டும், அவ்வளவு சமத்து" என்று பாட்டிமார் பெருமையாகச் சொல்வார்கள். அதைக் கேட்டதும் என் கண் குழந்தையின் தொப்புளுக்குப் போகும். பிதுங்கியிருக்கிறதா? நாக்கு தடித்திருக்கிறதா? அழுகை கரகரக்கிறதா? இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் காமாலை தெளியவில்லையா? சந்தேகம் தட்டினால் உடனே இரத்தத்தில் டிஎஸ்ஹெச் பார்க்கச் சொல்லிவிடுவேன். அது தைராய்டு சுரப்பியைத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு குறைந்தால் இது ஏறும்.

ஆனால் இந்த அறிகுறிகள் வரட்டும் என்று காத்திருப்பதே தாமதம்தான். பிறவியிலேயே தைராய்டு குறைந்த குழந்தைகளில் பெரும்பாலோர் பிறந்த அன்று மற்ற குழந்தைகளைப் போலத்தான் இருப்பார்கள். நச்சுக்கொடி வழியாக வந்த தாயின் ஹார்மோன் சில நாட்களுக்குத் தாக்குப்பிடிக்கும். அது தீர்ந்த பிறகே குறை மெல்லத் தலைகாட்டும். நம் நாட்டில் ஏறத்தாழ ஆயிரம் பிறப்புக்கு ஒரு குழந்தைக்கு இது இருக்கிறது.

ஏன் இவ்வளவு அவசரம்? மூளையின் புறணி, அதாவது அதன் வெளிப்பகுதி, ஆறு அடுக்குகளால் ஆனது. ஆழத்தில் உருவாகும் நரம்பணுக்கள் தத்தம் அடுக்குக்கு நகர்ந்து போய்ச் சேர வேண்டும். சிறுமூளையில் புர்கின்ஜி எனப்படும் நரம்பணுக்கள் கிளை விட வேண்டும். நரம்பிழைகளின் மேல் மயலின் என்ற கொழுப்பு உறை படர வேண்டும். தைராய்டு ஹார்மோன் உயிரணுவின் உட்கருவுக்குள் புகுந்து, இந்த வேலைகளுக்கான மரபணுக்களை உரிய நேரத்தில் இயக்குகிறது. கருவில் தொடங்கி ஏறக்குறைய மூன்று வயது வரை இது தீவிரமாக நடக்கும். அந்தக் காலம் கடந்தபின் மாத்திரை கொடுப்பது, பூச்சு முடிந்த சுவருக்குள் மின்கம்பி இழுக்கப் பார்ப்பது போன்றது. நாற்பது வயதில் தைராய்டு குறைந்தாலும் மறதியும் மந்தமும் வரும். ஆனால் மாத்திரையில் பெரும்பாலும் தெளிந்துவிடும். அங்கே மூளை ஏற்கெனவே உருவாகி முடிந்திருக்கிறது.

சிசுவின் சொந்தத் தைராய்டு சுரப்பி ஓரளவு முழுமையாக வேலை செய்யக் கர்ப்பத்தின் பாதிக்காலம் ஆகிவிடும். அதுவரை தாயின் ஹார்மோனே கதி. ஆகவே ஏற்கெனவே தைராக்சின் என்ற தைராய்டு ஹார்மோன் மாத்திரை சாப்பிடும் பெண்கள், கரு உண்டானதும் "கர்ப்பத்தில் மாத்திரை ஆகாது" என்று யாரோ சொன்னதைக் கேட்டு நிறுத்துவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். நிறுத்துவதல்ல, பலருக்கு அளவைக் கூட்டவே வேண்டியிருக்கும். வெறும் வயிற்றில், காலைக் காப்பிக்கு அரை மணி நேரமாவது முன்பாகப் போட வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து மாத்திரைகளைக் கூடவே விழுங்கினால் தைராக்சின் குடலிலேயே சிக்கி வீணாகும். நான்கு மணி நேர இடைவெளி தேவை.

உப்பையும் சொல்லிவிடுகிறேன். கல்லுப்புப் போட்ட குழம்பின் ருசியில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் பையில் 'அயோடின் சேர்த்தது' என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஆரோக்கியம் என்று இந்துப்புக்கு மாறிய கர்ப்பிணிகளுக்கும் இதேதான். அவர்களுக்கு ஒரு நாளைக்கு 250 மைக்ரோகிராம் அயோடின் வேண்டும்.

பரிசோதனை எளிது. பிறந்து 48 மணி நேரம் ஆனபின் குதிகாலில் குத்தி எடுக்கும் சில சொட்டு இரத்தம் போதும். பிறந்தவுடன் டிஎஸ்ஹெச் இயல்பாகவே எகிறும் என்பதால் முதல் நாளில் எடுத்தால் குழப்பும். கனடாவின் கியூபெக் மாநிலத்தில் 1970களிலேயே எல்லாப் பச்சிளங் குழந்தைகளுக்கும் இதைச் செய்யத் தொடங்கிவிட்டார்கள். நம்மூரில் இன்னும் பல இடங்களில் பெற்றோர் கேட்டால்தான் நடக்கிறது. இரண்டாம் நாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டால், முதல் வாரத்துக்குள் திரும்ப வந்து எடுத்துவிடுங்கள்.

குறை உறுதியானால் வீட்டில் முதலில் நடப்பது மருமகளை விசாரிப்பது. கிரகணத்தில் வெளியே போனாயா, பப்பாளி சாப்பிட்டாயா? இரண்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பெரும்பாலான குழந்தைகளுக்குச் சுரப்பி சரியாக உருவாகியிருக்காது, அல்லது கழுத்துக்கு இறங்காமல் நாக்கின் அடியிலேயே தங்கியிருக்கும். மற்றவர்களில் பலருக்குச் சுரப்பி இருந்தும் ஹார்மோன் செய்யும் திறன் குறைந்திருக்கும். சொந்தத்தில் திருமணம் செய்தவர்களின் குழந்தைகளிடம் இதைக் கூடுதலாகக் காணலாம்.

சிகிச்சையை இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால் பெரும்பாலான குழந்தைகள் மற்றவர்களைப் போலவே வளர்ந்து படிப்பார்கள். தினமும் குழந்தையின் எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மைக்ரோகிராம் தைராக்சின். மூன்று கிலோ குழந்தைக்கு 25 மைக்ரோகிராம் மாத்திரையில் ஒன்றரை அளவில் வரும். பொடித்து, ஒரு கரண்டித் தாய்ப்பாலில் கலந்து, அப்போதே புகட்டிவிடுங்கள். பால் புட்டி முழுவதிலும் கரைத்தால், குழந்தை மீதி வைக்கும் பாலோடு மருந்தும் போய்விடும். முதல் சில மாதங்களில் இரத்தப் பரிசோதனை அடிக்கடி இருக்கும், அலுத்துக்கொள்ளாதீர்கள்.

"ஆயுசு முழுக்க மாத்திரையா?" என்று தாத்தாக்கள் கேட்பார்கள். பலருக்கு ஆம். சிலருக்கு மூன்று வயதில் நிறுத்திப் பார்த்து, சுரப்பி தானாக வேலை செய்கிறதா என்று சோதிப்போம். அதை டாக்டரின் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும், தாத்தாவின் முடிவில் அல்ல.